குடிக்காததற்குக் காரணம்

நெடுஞ்செழியன் குடித்தான் என்பது அவனைக் கட்டிலில் ஏற்றுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்த விசாரணைகள் எல்லாம் எவ்வளவு குடித்தான் என்பதைப் பற்றியவைதான்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் அவனுக்கு ஒரு ஃபைபர் படகு இருந்தது. அன்று காலை வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது மேல்வயிற்றில் ஒரு வலி தொடங்கி, முதுகைத் துளைத்துக்கொண்டு வெளியே போக வழி தேடியது. கரைக்கு வந்ததும் "கேஸுதான் மச்சி" என்று ஒருவன் கோலி சோடா உடைத்துக் கொடுத்தான். அதையும் வாந்தி எடுத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து மணலில் சுருண்டு கிடந்தவனை அவன் மனைவி சுலோச்சனா ஆட்டோவில் அள்ளிப்போட்டு மயிலாப்பூருக்குக் கொண்டுவந்தாள். அங்கே ஓர் அறக்கட்டளை மருத்துவமனை அரசாங்கக் காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொண்டது. போன மாதம் மலத்தில் ரத்தம் போனபோது குடல் புண்ணுக்கு மாத்திரை கொடுத்ததும் அதே மருத்துவமனைதான்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் கணினி முன் உட்கார்ந்தார். கணையம் வீங்கியிருக்கிறது என்றார். மீனின் குடலையும் ஈரலையும் தினமும் பார்க்கும் நெடுஞ்செழியனுக்கு, தன் வயிற்றில் அப்படி ஓர் உறுப்பு இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"எவ்ளோ குடிப்பீங்க?"

"குடிக்கறதில்ல சார்."

டாக்டர் அன்பானவர். கோபப்படவில்லை. "ஒரு நாளைக்கு குவாட்டரா, ஆஃபா?"

"சார், குடிக்கறதே இல்லன்னு சொல்லிக்கினு கீறேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டு, "இல்லை" என்பதை அழுத்தினார். கணினி கொஞ்சம் யோசித்தது. பிறகு அது வரை யாரும் பார்த்திராத ஒரு புதிய கட்டத்தைத் திறந்தது. "குடிக்காததற்குக் காரணம்" என்று அதன் தலைப்பில் இருந்தது. கீழே நான்கு விடைகள்: சிறார், கர்ப்பம், மதத்தடை, மறைக்கிறார்.

"மைனர் இல்ல. கர்ப்பம் இல்ல," என்று டாக்டர் நேர்மையாக ஒவ்வொன்றாகக் கழித்தார். "உங்க மதத்துல குடிக்கக் கூடாதா?"

"எங்க சாமி அப்டி ஒண்ணும் சொல்லல சார். சம்சாரம்தான் சொல்லிச்சி."

மனைவி என்ற விடை பட்டியலில் இல்லை. வலி மறுபடி எழுந்து நெடுஞ்செழியன் கட்டிலின் கம்பியைக் கடித்தான். ஊசி போட வேண்டுமானால் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். டாக்டர் மிச்சமிருந்த விடையை அழுத்தினார். ஊசி வந்தது.

சுலோச்சனா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இங்கே அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா குடித்துச் செத்தவர். அண்ணனும் அப்படியே. இருவரையும் படகு நிறுத்தும் மணலிலிருந்து தூக்கி வந்தவள் அவள்தான். பெண் பார்க்க வந்த நெடுஞ்செழியனிடம் அவள் நகை பற்றியோ வீடு பற்றியோ எதுவும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். அவன் கடலில் இடுப்பளவு இறங்கி, நீரைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்தான். சீசன் தொடங்கும் நாளில் படகுக்குப் பூஜை முடிந்து மற்றவர்கள் பாட்டில் திறக்கும்போது அவன் கோலி சோடா குடிப்பான். குப்பத்தில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. சோடா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வார்டில் அவனுக்குப் பக்கத்துக் கட்டில் அனந்தராமனுக்கு. வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். மாட வீதிக்குப் பின்னால் சொந்த வீடு. தனி அறை காலியாகும்வரை இங்கே தாற்காலிகமாகப் படுத்திருந்தார். அவருக்கும் அதே கணையம், அதே வீக்கம்.

"நான் தினம் சாயங்காலம் மூணு பெக் போடறவன்," என்று அவர் சுற்றிவர வந்த டாக்டர்களிடம் சொன்னார். "முப்பது வருஷமா. ஆத்துல கேட்டுப் பாருங்கோ."

டாக்டர்கள் மனம்விட்டுச் சிரித்தார்கள். "சாருக்கு இந்த வலியிலயும் ஹியூமர் போகல பாருங்க," என்றார் ஒருவர்.

"ஹியூமர் இல்லைங்காணும். போன வாரம் பேரன் பூணல். கிளப்ல பார்ட்டி. கணக்கு வழக்கு இல்லாம குடிச்சேன்."

அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அனந்தராமனின் நோய்க்குக் காரணம் தெரியவில்லை என்று பதிவானது. காரணம் தெரியாத நோய் அபூர்வமானது என்பதால் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மரபணுவாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள்.

நெடுஞ்செழியனைப் பார்க்க யாரும் வரவில்லை. காரணம் தெரிந்த நோயில் பார்க்க என்ன இருக்கிறது.

மூன்றாவது நாள், குடிமீட்பு ஆலோசகர் செந்தில்குமார் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் மடிக்கும் நாற்காலி.

"பிரதர், என்னை உங்க அண்ணனா நினைச்சுக்கோங்க."

"நான் குடிக்கறதில்ல அண்ணே."

செந்தில்குமார் முகம் மலர்ந்தது. "சூப்பர். இதைத்தான் எதிர்பார்த்தேன். மறுக்கறதுதான் இந்த நோயோட முதல் அறிகுறி. நீங்க எவ்ளோ பலமா மறுக்கறீங்களோ, நோய் அவ்ளோ முத்தியிருக்குன்னு அர்த்தம்."

"அப்போ குடிக்கறேன்னு சொன்னா?"

"ஒத்துக்கிட்டீங்கன்னா குணமாகத் தொடங்கிட்டீங்கன்னு அர்த்தம்."

"நெசமாவே குடிக்காதவன் இன்னா சொல்லணும்?"

செந்தில்குமார் இந்தக் கேள்வியை இதுவரை யோசித்ததில்லை. யோசித்துப் பார்த்தார். "அவங்க எங்ககிட்ட வரமாட்டாங்களே பிரதர்," என்றார்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து அனந்தராமன், "என்னை மீட்டுண்டு போங்களேன் சார்," என்று கை தூக்கினார். செந்தில்குமார் மரியாதையாகச் சிரித்து, நாற்காலியை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை செந்தில்குமார் குப்பத்துக்கே போய் விசாரித்து வந்தார். கடமையில் அவ்வளவு கண்டிப்பு. நெடுஞ்செழியன் என்றால் யாருக்கும் தெரியவில்லை. சோடா என்றதும் எல்லோருக்கும் தெரிந்தது. திரும்பி வந்து, நோயாளி சோடா கலந்து குடிப்பதில் ஊரறிந்தவர் என்று பதிவு செய்தார்.

பிறகு சுலோச்சனாவைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

"உங்களுக்குத் தெரியாமத்தான் குடிப்பாங்க மேடம். கடலுக்குள்ள என்ன நடக்குதுன்னு நீங்க பார்த்தீங்களா?"

அவள் பார்த்ததில்லை. கரையிலிருந்து பார்த்தால் படகு ஒரு புள்ளி. புள்ளிக்குள் ஒருவன் என்ன செய்கிறான் என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்.

அவள் வார்டுக்குத் திரும்பி வந்து கட்டிலின் அருகே நின்றாள். நெடுஞ்செழியன் அவள் முகத்தைப் பார்த்ததும் அவள் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டான். அவன் படுத்திருந்த இடத்தில் அவள் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். செத்துப்போன அந்தக் கிழவரை மட்டும் யாரும் அனுப்பவில்லை. அன்றிலிருந்து அவர் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தார். கஞ்சியை அவள் ஸ்பூனால் ஊட்டும்போது நடுவில் இருந்தார். முகம் துடைத்துவிடும்போது இருந்தார். அவள் ஏதாவது கேட்டுவிட்டால் நன்றாயிருக்கும் என்று நெடுஞ்செழியன் காத்திருந்தான். கேட்டால் பதில் சொல்லலாம். அவள் கேட்கவில்லை.

அனந்தராமன்தான் தாங்க முடியாமல் ஒருநாள் சொன்னார். "அம்மா, உன் புருஷன் குடிக்கிற ஜாதி இல்லை. குடிக்கறவனுக்குக் குடிக்கறவனைத் தெரியும். என்னை நம்பு."

"நீங்க பெரிய மனுசங்க சாமி," என்றாள் சுலோச்சனா. "அடுத்தவங்களக் காப்பாத்தப் பொய்யி சொல்லுவீங்க."

அனந்தராமன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த வார்டில் உண்மை சொன்னவர்கள் இருவர். இருவரையும் ஒருவரும் நம்பவில்லை.

வைதேகி என்ற இளம் டாக்டர் வார்டுக்குப் புதிதாக வந்தது அப்போதுதான். கேள்விகள் கேட்பதற்குள் பதிலை எழுதிவிடும் பழக்கம் அவளுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளைக் காட்டச் சொன்னாள். சுலோச்சனா முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வெளிர் மஞ்சள் மாத்திரை. குடல் புண்ணுக்குப் போன மாதம் இங்கே எழுதிக் கொடுத்தது.

வைதேகி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, இந்த மாத்திரை சில பேருக்குக் கணையத்தைத் தாக்கும். ஆரம்பிச்ச சில வாரத்துலயே வரும். உங்களுக்கு அதுதான் வந்திருக்கும்னு நினைக்கிறேன். இனிமே இதைத் தொடவே தொடாதீங்க."

நெடுஞ்செழியன் எழுந்து உட்கார்ந்தான். கையில் செருகியிருந்த குழாயை மறந்து அப்படி எழுந்தான். "அம்மா, இத்த கொஞ்சம் என் சம்சாரத்தாண்ட சொல்லும்மா. எழுதிக் குடும்மா."

வைதேகி சுலோச்சனாவிடம் சொன்னாள். "நெனக்கிறியா, நிச்சியமாத் தெரியுமா?" என்று சுலோச்சனா கேட்டாள். வைதேகி நேர்மையானவள். "நிச்சயமா சொல்ல முடியாதும்மா," என்றாள்.

சுலோச்சனா தலையாட்டினாள். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல.

நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே இடம் அந்த மருத்துவமனையின் மருந்துப் பக்க விளைவு ஆய்வுக் குழு. அதன் தலைவர் டாக்டர் பரத்வாஜ். குழுவுக்கு மூன்றாவது மாடியில் தேக்கு மேசை போட்ட குளிரூட்டிய அறை இருந்தது. நெடுஞ்செழியனைச் சக்கர நாற்காலியில் அங்கே தள்ளிக்கொண்டு போனார்கள். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

பரத்வாஜ் எழுந்து நின்று பேசினார். எதிரே நோயாளியைத் தவிர ஆறு பேர்தான் என்றாலும் அவர் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தினார்.

"இந்த மருத்துவமனையில் மருந்தால் யாருக்கும் எந்தக் கெடுதலும் நேர்ந்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நம் பதிவுகள் சொல்கின்றன. பக்க விளைவு உறுதியானால்தான் இந்தக் குழு கூடும். இந்தக் குழு கூடினால்தான் பக்க விளைவு உறுதியாகும். இந்த ஒழுங்கை இத்தனை வருடம் கட்டிக் காத்திருக்கிறோம்."

ஐந்து பேர் கைதட்டினார்கள். வைதேகி தட்டவில்லை.

"ஆனால் அடுத்த வாரம் தரச்சான்று கொடுக்கிறவர்கள் வருகிறார்கள். குழு இருக்கிறதா என்று கேட்பார்கள், இருக்கிறது. அறை இருக்கிறதா, இருக்கிறது. குழு எதையாவது கண்டுபிடித்ததா என்றும் கேட்பார்களாம். அதனால்தான் திரு நெடுஞ்செழியனை நாம் இருகரம் நீட்டி வரவேற்கிறோம்."

பிறகு அவர் படிநிலைகளை விளக்கினார். ஒரு மருந்துதான் காரணம் என்பதில் பல நிலைகள் உண்டு. சாத்தியம். அநேகமாக. நிச்சயம். அவன் கேஸ் இப்போது "அநேகமாக" என்பதில் இருக்கிறது.

"எனக்கு நிச்சயம் வோணும் சார்," என்றான் நெடுஞ்செழியன். "அநேகமான்னா என் சம்சாரம் ஒத்துக்காது."

"எனக்கும் அதேதான் வேண்டும்," என்றார் பரத்வாஜ் கனிவோடு. "அதற்கு வழி இருக்கிறது. அதே மாத்திரையை மறுபடி சாப்பிடுகிறீர்கள். வலி வராவிட்டால் மாத்திரை குற்றமற்றது. மறுபடி வந்தால் நிச்சயம்."

வைதேகி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"சார், திரும்பக் குடுத்தா இன்னும் மோசமா வரும்," என்றாள் வைதேகி. "உயிருக்கே ஆபத்து."

"அப்படி ஆனால் யாராலும் மறுக்கவே முடியாது, இல்லையா?" என்றார் பரத்வாஜ். "டாக்டர் வைதேகி, நீங்கள் நோயாளியை மட்டும் பார்க்கிறீர்கள். நான் சான்றின் தரத்தைப் பார்க்கிறேன்."

நெடுஞ்செழியன் அந்த வலியை நினைத்தான். கம்பியில் பதிந்திருந்த தன் பல் தடத்தை நினைத்தான். பிறகு வார்டில் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்கும் அவளை நினைத்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் கிழவரை எந்த டாக்டரும் எழுப்பப் போவதில்லை.

"துன்றேன் சார்," என்றான்.

அவனுக்குத் தெம்பு வரட்டும் என்று ஒரு வாரம் நல்ல கவனிப்பு நடந்தது. யாரும் பார்க்க வராதவனை இப்போது எல்லோரும் வந்து பார்த்தார்கள். வைதேகியை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அனந்தராமன் வீட்டுக்குப் போகிறபோது அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குக் கடைசிவரை காரணம் கிடைக்கவில்லை.

குறித்த நாளில் மூன்றாவது மாடி அறையில் போண்டாவும் காபியும் பரிமாறப்பட்டன. தரச்சான்று அதிகாரிகள் இருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி உறைகளைப் பிரித்திருந்தார்கள். மேசையில் ஒரு வெள்ளித் தட்டு, அதன் நடுவில் அந்த மாத்திரை. செந்தில்குமாரும் ஓரமாக நின்றிருந்தார். மாத்திரை குற்றமற்றது என்று ஆகிவிட்டால் நோயாளியை அங்கிருந்தே தன் வகுப்புக்கு அழைத்துப் போக வசதியாக இருக்கும்.

சாட்சியாக நிற்க சுலோச்சனாவை அழைத்திருந்தார்கள். மீன்கூடையை வாசலில் வைக்கச் சொல்லியிருந்ததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"இத்த துன்னா இன்னா ஆவும்?" என்று கேட்டாள். பல நாட்களுக்குப் பிறகு அவன் முன்னால் அவள் பேசிய முதல் வாக்கியம்.

"மாத்திரைதான் காரணம் என்றால் அதே வலி திரும்ப வரும் அம்மா," என்றார் பரத்வாஜ். "குடிதான் காரணம் என்றால் ஒன்றும் ஆகாது. சுகமாக எழுந்து போவார்."

சுலோச்சனா இதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

நெடுஞ்செழியன் கையை நீட்டினான். கை நடுங்கியது. மாத்திரையை எடுத்தான், நழுவித் தட்டில் விழுந்து ஒலித்தது. மறுபடி எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. நெற்றியில் வேர்த்தது. அவன் தன் மனைவியைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பவன்போல ஒரு சிரிப்புச் சிரிக்கப் பார்த்தான். உதடும் நடுங்கியது.

சுலோச்சனா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உட்ரு. கீழ போடு."

"சுலோ, நீ நம்பணும்ல..."

"போடுய்யா கீழ!" அவள் மாத்திரையைத் தட்டிவிட்டாள். அது மேசைக்கு அடியில் எங்கோ உருண்டது. அதிகாரிகள் இருவரும் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் பரத்வாஜைப் பார்த்து நின்றாள். "ஏன் சார், குட்ச்சவனுக்கு இந்த மாத்திர ஒண்ணும் பண்ணாதுன்னு நீதான சொன்ன? குட்ச்சிட்டுப் பொய்யி சொல்றவனா இருந்தா இத்த மிட்டாய் மாதிரி முழுங்கியிருப்பான். இவன் இன்னாத்துக்குப் பயப்படறான்? கை எப்டி ஆடுது பாரு. அந்த வலி இதால வந்ததுன்னு இவனுக்குத் தெரியும். அதான் ஆடுது. இது போதும் எனுக்கு. உன் நிச்சியத்த நீயே வெச்சிக்க."

நெடுஞ்செழியன் அழுதான். அவள் முகத்தில் கிழவர் இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரத்வாஜ் ஒலிபெருக்கியை எடுத்தார். "இது முறையான சான்று ஆகாது. அச்சம் ஆய்வகப் பரிசோதனை இல்லை. இருந்தாலும் இன்று குழு ஒன்றைக் கண்டிருக்கிறது. அதைப் பதிவு செய்ய வேண்டும். டாக்டர்கள் யாராவது கைநடுக்கத்துக்கு விளக்கம் சொல்லலாம்."

டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓரத்திலிருந்து செந்தில்குமார் கை உயர்த்தினார்.

"சார், ரெண்டு வாரமா வார்டுல இருக்கார். சரக்கு இல்ல. திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், வேர்க்கும், உதடு துடிக்கும். நாங்க தினம் பார்க்கறதுதான்."

முன்வரிசை அதிகாரிகள் மெதுவாகத் தலையாட்டினார்கள். அறைக்குள் ஒரு நிம்மதி பரவியது. மருந்தால் யாருக்கும் எந்தக் கெடுதலும் நேர்ந்ததில்லை என்பது அப்படியே நின்றது. குழுவும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது. இரண்டாவது முறை காபி வந்தது.

அன்று மாலையே அவனை அனுப்பிவிட்டார்கள். லஸ் முனையில் அடையாறு பக்கம் போகும் பஸ்ஸுக்காக இருவரும் நின்றார்கள். அவள் காலிக் கூடையை இடுப்பில் வைத்திருந்தாள். அவன் நிறைய பேசினான். நாளைக்கே கடலுக்குப் போவேன் என்றான். அந்த டாக்டர் பொண்ணுக்கு நல்ல வஞ்சிரமா ஒண்ணு கொண்டுபோய்க் குடுக்கணும் என்றான். அவள் ம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடையாற்றுப் பாலத்தில் காற்று அடித்தது. அவன் சீட்டு எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டபோது கை இன்னும் லேசாக ஆடியது. இரண்டு வாரம் கஞ்சி குடித்த உடம்பு.

சுலோச்சனா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"எங்கப்பனுக்கும் கை இப்டித்தான் ஆடும்."

அவன் சொல்ல வேண்டியதெல்லாம் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் முடிந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். ஆறுதலுக்குப் பிடித்திருக்கிறாளா, ஆட்டம் நிற்கிறதா என்று பார்க்கப் பிடித்திருக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. குப்பத்துக்கு இறங்கும் இடம் வரும்வரை அவன் அந்தக் கையை, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அசையாமல் வைத்திருக்கப் பார்த்தான்.